எந்தப் பந்தியில் உட்காருவது?

மணி பகல் 12. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். தாலி கட்டியாகி விட்டது. மேளச் சத்தம் ஓய்ந்து விட்டது. மாடியில் சாப்பாட்டுக் கூடம். அதன் வாசலில் திருவிழாக் கூட்டம்!

உள்ளே பந்தி நடக்கிறது. சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு வரிசை நிற்கிறது. ஒவ்வொருவரும் ஒரு நாற்காலியைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் இருப்பவர் மோருக்கு வந்து விட்டாரா, இன்னும் ரசத்திலேயே இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

சாப்பிடுகிறவருக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. நிற்கிறவருக்குக் கால் வலி பொறுக்கவில்லை.

வாசல் ஓரத்தில் ஒரு பெரியவர். சர்க்கரை வியாதிக்காரர். மருந்து போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் தலை சுற்றும்.

“பெரியப்பா! கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இந்தப் பந்தி எழுந்ததும் முதல் ஆளா உங்களை உட்கார வைக்கிறேன்” என்கிறார் பெண்ணின் மாமா.

“அதுக்கென்னப்பா, ஆகட்டும்” என்று சிரிக்கிறார் பெரியவர். ஆனால் நெற்றியில் வியர்வை துளிர்த்து விட்டது.

விருந்துக்குக் கூப்பிட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. சமையலும் குறைவில்லை. இலையும் இருக்கிறது, சோறும் இருக்கிறது, பரிமாற ஆளும் இருக்கிறது. பிறகு எங்கே கோளாறு? உட்கார வைக்கும் முறையில்தான் கோளாறு!

கடலில் இதே தொல்லை

இதே தொல்லை கடலிலும் உண்டு. அங்கே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உல்லாசக் கப்பல் என்று ஒன்று இருக்கிறது. ஓர் ஊருக்குப் போய்ச் சேருவதற்காக அதில் ஏறுவதில்லை. கடலில் சில நாள் சுகமாகச் சுற்றி வருவதற்காக ஏறுகிறார்கள். தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் இருந்து “கார்டீலியா” உல்லாசக் கப்பல் பயணத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார்.

பெரிய உல்லாசக் கப்பல்களில் ஆயிரக்கணக்கான பேர் இருப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரும் அளவுக்குச் சாப்பாட்டுக் கூடம் கட்ட முடியாது. ஆகவே அந்தக் காலத்திலிருந்தே இராச் சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி வைத்தார்கள். முதல் பந்தி சாயங்காலம் 6 மணி வாக்கில். இரண்டாம் பந்தி 8 மணிக்கு மேல்.

எந்தப் பந்தி, எந்த மேஜை என்பதை முன்கூட்டியே சொல்லி விடுவார்கள். கப்பலை விட்டு இறங்கும் வரை அதே மேஜை, அதே நேரம், அதே பக்கத்து ஆட்கள். பரிமாறுகிறவரும் அவரேதான்.

இதில் ஒரு சுகம் உண்டு. இரண்டு நாளில் பரிமாறுகிறவருக்கு ஆள் பழகி விடும். “இவருக்குக் காரம் ஆகாது, அந்தம்மாவுக்குச் சாப்பாடு முடிந்ததும் காப்பி வேண்டும்” என்று தெரிந்து கொள்வார். பக்கத்து மேஜைக்காரர் சிநேகிதர் ஆகி விடுவார்.

தொல்லையும் உண்டு. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மணி அடித்தால் போய் உட்கார வேண்டும். கரையில் ஊர் பார்க்கப் போனவர் அரக்கப் பரக்க ஓடி வர வேண்டும். பக்கத்தில் வாய்த்தவர் வம்பளக்கிறவராக இருந்தால் கடைசி நாள் வரை காது வலிதான்!

இஷ்ட நேரச் சாப்பாடு

இந்தக் கட்டை அவிழ்த்து விட்டால் என்ன என்று சில கப்பல் கம்பெனிகள் யோசித்தன. “நார்வீஜியன் குரூஸ் லைன்” என்ற கம்பெனி 2000-ம் ஆண்டில் இஷ்டப்பட்ட நேரத்தில் சாப்பிடும் முறையைக் கொண்டு வந்தது. மற்றக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. இன்றைக்குப் பல கப்பல்களில் இரண்டு முறையும் உண்டு. பழைய முறை பிடித்தவர்களுக்கு ஒரு கூடம். புது முறை பிடித்தவர்களுக்கு வேறொரு கூடம்.

புது முறை எப்படி நடக்கிறது? சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்குக் கூடம் திறக்கும். ஒன்பது, ஒன்பதரை மணி வரை திறந்திருக்கும். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

வாசலில் ஒருவர் நிற்பார். அவர் முதலில் கேட்கும் கேள்வி: “எத்தனை பேர்?” அடுத்த கேள்வி: “மற்றவர்களோடு சேர்ந்து உட்காரச் சம்மதமா?”

இந்த இரண்டாவது கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. “சம்மதம்” என்று சொன்னவருக்குச் சீக்கிரம் இடம் கிடைக்கும். பத்துப் பேர் மேஜையில் இரண்டு இடம் காலியாக இருந்தால் போதும், உட்கார்ந்து விடலாம். “நாங்கள் இருவர் மட்டும் தனியாக” என்றால் காத்திருக்க வேண்டியதுதான். இருவர் மேஜை எண்ணிக்கையில் குறைவு. அதற்குத்தான் ஆசைப்படுகிறவர்கள் அதிகம்.

ஏழு, ஏழரை மணிக்குக் கூட்டம் நெரியும். அப்போது வருகிறவர்களைக் கால் கடுக்க நிற்க வைப்பதில்லை. கைக்கு அடக்கமான ஒரு மணிப் பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். மேஜை தயாரானதும் அது கிர் கிர் என்று அதிரும். சில கப்பல்களில் கைப்பேசியிலேயே சேதி வந்து விடும். முன்கூட்டியே நேரம் சொல்லி இடம் பிடித்து வைக்கவும் வழி உண்டு.

வெளியே பார்த்தால் “இஷ்டம் போல வா, இஷ்டம் போல சாப்பிடு” என்றுதான் தெரியும். உள்ளே பார்த்தால் கணக்கு! எந்த மணிக்கு எத்தனை பேர் வருவார்கள், எந்த மேஜை எப்போது காலியாகும் என்று ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்கிறார். அடுப்படியிலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சமைத்துக் குவிப்பதில்லை. ஆள் வர வரக் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாராகிறது.

விருந்தாளிக்கு இஷ்டம் வேண்டுமானால், விருந்து வைக்கிறவருக்குக் கணக்கு வேண்டும். கப்பல் கற்றுத் தரும் பாடம் இதுதான்.

அரங்கன் வாசலில்

இந்தப் பாடத்துக்குக் கப்பல் ஏறத்தான் வேண்டுமா? காவிரியைத் தாண்டினால் போதும்.

தமிழ்நாட்டுக் கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் 2002-ல் தொடங்கியது. அது ஒரு வேளைச் சாப்பாடு. பிறகு 2012 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலிலும் பழனி தண்டாயுதபாணி கோயிலிலும் நாள் முழுவதும் அன்னதானம் போடும் திட்டம் வந்தது. அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா அதைத் தொடங்கி வைத்தார். பின்னர் வேறு சில பெரிய கோயில்களுக்கும் அது பரவியது.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் நாள் முழுவதும் போடும் சாப்பாட்டுக்கும் என்ன வித்தியாசம்? பெரிய வித்தியாசம் உண்டு. மதியம் மட்டும் என்றால் கூட்டம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தில் வந்து மோதும். நாள் முழுவதும் என்றால் கூட்டம் தானே பிரிந்து கொள்ளும். காலை ரயிலில் வந்த கிழவி பத்து மணிக்குச் சாப்பிடலாம். தரிசன வரிசையில் மாட்டிக்கொண்ட குடும்பம் மூன்று மணிக்குச் சாப்பிடலாம். “நேரம் ஆயிற்று, போ” என்று யாரும் சொல்வதில்லை.

இது அரசாங்கம் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. வள்ளலார் இராமலிங்க அடிகள் வடலூரில் 1867 மே 23-ல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. வடக்கே அமிர்தசரஸ் பொற்கோயிலில் இரவும் பகலும் சாப்பாடு போடுகிறார்கள். கோடீசுவரரும் கூலிக்காரரும் தரையில் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள்.

பசிக்குக் கடிகாரம் தெரியாது. பசித்தவன் வந்த நேரமே பந்தி நேரம். நம் பெரியவர்கள் இதை என்றோ அறிந்திருந்தார்கள்.

யார் பக்கத்தில் யார்?

நேரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. யார் பக்கத்தில் யார் உட்காருவது?

கப்பலில் “மற்றவர்களோடு சேர்ந்து உட்காரச் சம்மதமா?” என்று சர்வசாதாரணமாகக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி பெரிய புயலையே கிளப்பியது உண்டு. அந்தப் புயலில் சிக்கியவர் திருச்சிக்காரர்!

திருச்சி வரகனேரியில் 1881-ல் பிறந்தவர் வ.வே.சு.ஐயர். தேச விடுதலைக்குப் பாடுபட்டவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவர் 1920-களில் திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். நல்ல நோக்கத்தோடு தொடங்கிய பள்ளிக்கூடம் அது. ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராமசாமியும் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். “சேர்ந்து படிக்கிற பிள்ளைகள் ஏன் சேர்ந்து சாப்பிடக் கூடாது?” என்ற கேள்வி தமிழ்நாட்டையே உலுக்கியது. காங்கிரஸ் கட்சியே இரண்டு பட்டது.

ரயிலிலும் இதே கதை. பழைய தென்னிந்திய ரயில்வேயின் தலைமை அலுவலகம் திருச்சியில்தான் இருந்தது. அந்தக் காலத்து ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு வேறோர் இடம். டிக்கெட் விலை ஒன்றுதான். உட்காரும் இடம்தான் வேறு! எதிர்ப்பு வலுத்த பிறகு 1941-ல் அந்தப் பிரிவினை ஒழிந்தது.

இன்றைக்கு ஓட்டலில் பக்கத்து நாற்காலிக்காரர் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு காலம் சும்மா வந்து விடவில்லை. பந்தியில் உட்காரும் இடம் சின்ன விஷயம் போலத் தோன்றும். அது மனிதனின் மானத்தோடு சேர்ந்த விஷயம்.

பந்தியைச் சின்னதாக்குங்கள்!

இப்போது மறுபடியும் கல்யாண மண்டபத்துக்கு வரலாம்.

“பந்தியே வேண்டாம். தட்டைக் கையில் கொடுத்து விட்டால் அவரவர் எடுத்துச் சாப்பிட்டுக் கொள்வார்கள்” என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அது சரியான வழி அல்ல. ஒரு கையில் தட்டு, மறு கையில் குழந்தை என்றால் தாய் எப்படிச் சாப்பிடுவாள்? கை நடுங்கும் கிழவர் ரசத்தை எப்படிக் கொண்டு போவார்? “இன்னும் கொஞ்சம் பாயசம்?” என்று கேட்டுப் போடும் கை இல்லாவிட்டால் அது விருந்தா?

திருச்சி வாழை விளையும் பூமி. வாழை ஆராய்ச்சிக்கென்று மத்திய அரசாங்கத்தின் தேசிய மையமே இங்கே இருக்கிறது. இந்த ஊர்க் கல்யாணத்தில் இலையை விட்டு விடுவதா? இலை இருக்கட்டும். பரிமாறுவதும் இருக்கட்டும். பந்தியை மட்டும் சின்னதாக்கினால் போதும்.

எப்படி? ஒரு கணக்கு.

கல்யாணத்துக்கு 600 பேர் வந்திருக்கிறார்கள். கூடத்தில் 150 பேர் உட்காரலாம். ஒரு பந்திக்கு 40 நிமிஷம். நான்கு பந்தி போட்டால் 2 மணி 40 நிமிஷம் ஆகும். ஒரு பந்தியைக் கொஞ்சத்தில் தவற விட்டவர் முழுதாக 40 நிமிஷம் நிற்க வேண்டும்.

இதையே பத்துப் பத்துப் பேராகப் பிரித்தால் என்ன? 150 நாற்காலி என்றால் 15 மேஜை. ஒவ்வொரு மேஜையும் தனித் தனி பந்தி. முதலில் ஒரு மேஜைக்கு இலை போடுவது, மூன்று நிமிஷம் கழித்து அடுத்த மேஜை, அப்புறம் அடுத்தது. அப்படித் தொடங்கினால், பிறகு மூன்று நிமிஷத்துக்கு ஒரு மேஜை காலியாகும். உடனே துடைத்து இலை போட்டு, வாசலில் நிற்கும் அடுத்த பத்துப் பேரை உட்கார வைக்கலாம்.

நாற்காலி கூடவில்லை. ஆளும் கூடவில்லை. மொத்த நேரம் மட்டும் ஓரளவு கூடும். ஆனால் முதுகுக்குப் பின்னால் நிற்கும் வரிசை மறைந்து விடும்!

“பரிமாறுகிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்” என்று சமையல்காரர் சொல்லக்கூடும். அதில் நியாயம் இருக்கிறது. நீளப் பந்தியில் ஒருவர் சாம்பார் வாளியோடு ஒரே ஓட்டமாகப் போய் விடலாம். ஆள் ஆளுக்கு ஒரு நேரம் என்றால் ஒரு இலையில் சாம்பார், அடுத்த இலையில் மோர் என்று திண்டாட வேண்டும். ஆனால் இங்கே ஒரு மேஜைக்காரர்கள் பத்துப் பேரும் ஒன்றாகத்தான் தொடங்குகிறார்கள். மூன்று மேஜைக்கு இரண்டு பேர் என்று ஒப்படைத்து விட்டால் குழப்பம் இராது. இப்போது நடப்பது என்ன? இருபது நிமிஷம் ஓட்டம், இருபது நிமிஷம் சும்மா நிற்பது. மேஜை முறையில் வேலை சீராக நடக்கும். சோறும் சுடச்சுட வடித்து வரும்.

இன்னும் மூன்று காரியம் செய்தால் போதும்.

ஒன்று: கல்யாணப் பத்திரிகையிலேயே “விருந்து 11 மணி முதல் 3 மணி வரை” என்று அச்சடித்து விடுவது. ஆபீசுக்குத் திரும்புகிறவர் முன்னால் வருவார். அவசரம் இல்லாதவர் பின்னால் வருவார்.

இரண்டு: வாசலில் சீட்டு கொடுக்க ஒருவரை உட்கார வைப்பது. மேஜை நம்பரும் உத்தேச நேரமும் எழுதிய சீட்டு. கையில் சீட்டு இருந்தால் முண்டியடிக்கத் தேவை இல்லை. கீழே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து உறவுக்காரர்களோடு பேசிக் கொண்டிருக்கலாம்.

மூன்று: முதல் மேஜை இரண்டையும் எப்போதும் ஒதுக்கி வைப்பது. சம்பந்திகளுக்கு அல்ல! வயதானவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள் ஆகியோருக்கு. அவர்கள் வந்த உடனே உட்கார வேண்டும்.

கடைசிப் பந்தி

எந்த முறை வைத்தாலும் ஒரு பரீட்சை இருக்கிறது. அது கடைசிப் பந்தி.

கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார்? அடுப்பில் வெந்த சமையல்காரர்கள். இலை எடுத்த பெண்கள். தவில் அடித்தவர், நாதஸ்வரம் வாசித்தவர். வண்டி ஓட்டி வந்த டிரைவர். விடியற்காலையில் இருந்து ஓடி ஆடிய பெண்ணின் அத்தையும் சித்தியும். அவர்கள் இலைக்கு வரும்போது வடை தீர்ந்திருக்கும். பாயசம் அடிப்பிடித்திருக்கும். அப்பளம் நமுத்துப் போயிருக்கும்.

கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கென்று தனிச் சாப்பாட்டு அறை உண்டு. மற்றவர்களுக்குப் பரிமாறும் நேரம் போக, தங்கள் வேலை நேரத்தை ஒட்டி அங்கே அவர்கள் சாப்பிட்டுக் கொள்கிறார்கள். பசித்த வயிற்றோடு பரிமாறினால் கை தளரும், முகம் சுளிக்கும். இது கப்பல்காரருக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாண வீட்டுக்காரருக்கும் தெரிய வேண்டாமா? 15 மேஜையில் ஒரே ஒரு மேஜையைச் சுற்று முறையில் அவர்களுக்கு விட்டால், எல்லோரும் சூட்டோடு சாப்பிட்டு விடலாமே!

இந்தப் பரீட்சை மண்டபத்தோடு முடியவில்லை. வீட்டிலும் உண்டு. தினமும் உண்டு.

வீட்டில் முதல் பந்தி ஆண்களுக்கு. இரண்டாம் பந்தி பிள்ளைகளுக்கு. கடைசிப் பந்தி அம்மாவுக்கு. சட்டியின் அடியில் ஒட்டியது அவளுக்கு. அது எழுதாத சட்டம். யாரும் அவளைக் கேட்டது இல்லை. “நான் அப்புறம் சாப்பிடறேன், நீங்க சாப்பிடுங்க” என்று அவளே சொல்லி விடுகிறாள்.

ஆயிரம் பேர் போகும் கப்பலில், ஊர் பேர் தெரியாதவரைப் பார்த்து, “எத்தனை மணிக்குச் சாப்பிடப் பிரியம்?” என்று கேட்கிறார்கள். சொந்த வீட்டில், சமைத்துப் போடுகிறவளைப் பார்த்து இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

பாத்திரங்களை நடுவில் வைத்து எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் அம்மாவும் உட்காரலாம். அதற்கு எந்தக் கம்பெனியும் புதுத் திட்டம் போட வேண்டாம். இன்று இரவே தொடங்கலாம்.

விருந்தின் பெருமை முதல் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதில் இல்லை. கடைசி இலையிலும் வடை விழுந்ததா என்பதில் இருக்கிறது. வாசலில் நின்ற பெரியவர் வியர்வை துளிர்க்கும் முன்பே உட்கார்ந்தாரா என்பதில் இருக்கிறது.

சோறு போடுவது தருமம். நேரத்தில் போடுவது அதைவிடப் பெரிய தருமம்!